இடுகுறியும் காரணமும்: வானொலி நிலையப் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என வகுத்து, அவற்றைப் பொது, சிறப்பு எனவும் பகுத்துக் காட்டினார் நன்னூலார். இவ்வகைப்பாடு இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதன்று. உருவமின்றிக் குரலாக மட்டுமே வாழும் வானொலி நிலையத்துக்குப் பெயரே முகம். அப்பெயர் எவ்வகைப்பட்டது என வினவுவது, அந்நிலையம் யாருக்குக் கடமைப்பட்டது என வினவுவதாகவும் அமையும். ஐக்கிய அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்கள் இவ்வாய்வுக்குப் பெரிதும் ஏற்றவை. அங்கு நிலையங்கள் பெரும்பாலும் இரு பெயர்களைத் தாங்குகின்றன. அரசு பதிவுசெய்யும் அழைப்பெழுத்துகள் ஒன்று. சந்தையிற் புழங்கும் வாணிபப் பெயர் மற்றொன்று.

அழைப்பெழுத்துகள் தோற்றத்தில் தூய இடுகுறிகளே. 1912 இல் இலண்டனில் நடைபெற்ற அனைத்துலக மாநாட்டையொட்டி நாடுகளுக்கு எழுத்துகள் பகிரப்பட்டன. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கிலுள்ள நிலையங்கள் 'டபிள்யூ' என்றும் மேற்கிலுள்ளவை 'கே' என்றும் தொடங்கும் வழக்கு 1923 முதல் நிலைபெற்றது. 1920 இல் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிப் புகழ்பெற்ற பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. ஆற்றுக்குக் கிழக்கே இருந்தும் 'கே' எழுத்தைத் தாங்கி நிற்கிறது. அவ்வெழுத்துகள் கப்பல்களுக்குரிய வரிசையில் வந்தவை. அவற்றுக்குப் பொருள் ஏதுமில்லை.

இவ்விடுகுறிகளை உரிமையாளர்கள் விரைவிலேயே காரணப்பெயர்கள் ஆக்கினர். சிக்காகோவில் 1924 இல் சியர்ஸ் வணிக நிறுவனம் தொடங்கிய டபிள்யூ.எல்.எஸ்., 'உலகின் மிகப்பெரிய கடை' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாம். அதே நகரின் டபிள்யூ.ஜி.என்., 'உலகின் தலைசிறந்த செய்தித்தாள்' எனத் தன்னைத் தானே அழைத்துக்கொண்ட சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகைக்கு உரியதாயிருந்தது. நாஷ்வில் நகரில் 1925 இல் ஒரு காப்புறுதிக் கம்பனி நிறுவிய டபிள்யூ.எஸ்.எம்., 'இலட்சோப இலட்சம் மக்களைக் காக்கின்றோம்' என்னும் அதன் விளம்பர வாசகத்தின் சுருக்கமாகும். வணிகர் மட்டுமே இவ்வாறு செய்தாரல்லர். சிக்காகோத் தொழிலாளர் சம்மேளனம் தன் பெயரின் முதலெழுத்துகளையே டபிள்யூ.சி.எஃப்.எல். நிலையத்துக்குச் சூட்டிற்று. நியூயோர்க்கில் 1927 இல் எழுந்த டபிள்யூ.ஈ.வி.டி., முந்திய ஆண்டில் மறைந்த சமவுடைமைத் தலைவர் யூஜீன் விக்டர் டெப்ஸின் நினைவாக அமைந்தது.

காலப்போக்கில் இக்காரணங்கள் பல அழிந்தன. சியர்ஸ் நிறுவனம் தன் நிலையத்தை 1928 இலேயே ஒரு வேளாண்மைப் பத்திரிகைக்கு விற்றுவிட்டது; கடை போயிற்று, எழுத்துகள் நின்றன. டெப்ஸின் பெயரைத் தாங்கிய அலைவரிசையோ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விளையாட்டு ஒலிபரப்புக்குச் சென்று எழுத்துகளையும் இழந்தது. காரணம் மறைந்தபின் பெயர் மீண்டும் இடுகுறியாவதுண்டு. ஆனால் அது தொடக்கத்து இடுகுறி அன்று. தலைமுறைகள் கேட்டுப் பழகியதால் ஊரின் நினைவு அதிற் படிந்திருக்கும். டபிள்யூ.எல்.எஸ். என்றதும் கடையை எண்ணாதவரும் சிக்காகோவை எண்ணுவர்.

வாணிபப் பெயரின் எழுச்சிக்கு நேயர் கணிப்பு முறை ஒரு முக்கிய காரணம் எனலாம். ஆர்பிட்ரன் நிறுவனம் நேயர்களிடம் நாட்குறிப்பேடுகளை வழங்கி, கேட்டவற்றை எழுதச் செய்தது. நினைவில் நின்ற பெயரே ஏட்டில் ஏறும். ஏட்டில் ஏறியதே விளம்பரப் பணமாகும். ஆகவே எளிய சொல்லும் அலைவரிசை எண்ணும் எழுத்துகளைப் பின்தள்ளின. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கே.ஐ.ஐ.எஸ். என்னும் எழுத்துகள் முத்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக ஒலிப்பவை. அது அவ்வூர் நிலையத்தின் நயமான சொல்விளையாட்டு. நாடளாவிய உடைமை வரம்பை 1996 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபின் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கிய கிளியர் சனல் நிறுவனம், 'கிஸ்' என்னும் அப்பெயரைப் பல நகரங்களில் நாட்டியது. சிறப்புப்பெயர் இவ்வாறு பொதுப்பெயராயிற்று.

இதன் விளைவை நியூயோர்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். நிலையத்திற் காணலாம். 1972 முதல் பழைய பாடல்களை ஒலிபரப்பிய அந்நிலையம், 2005 யூன் மாதம் 'ஜாக்' என்னும் பெயருக்கு மாறியது. ஏற்கெனவே வேறு நகரங்களிற் புழங்கிய பெயர் அது. நகர மக்கள் அறிந்த அறிவிப்பாளர்களின் குரல்கள் மறைந்தன. ஓர் ஆளின் பெயர் வந்தது, ஆள் வரவில்லை. நேயர்களின் அதிருப்தி வலுத்தது. 2007 யூலையில் பழைய பெயரும் பழைய பாடல்களும் மீண்டன. பெயரை வெறும் பொதிச்சுற்றாகக் கருதியோர்க்கு அது ஓர் உறவின் பெயர் என்பதை நேயர்கள் உணர்த்தினர்.

அழைப்பெழுத்துகளும் வணிகரின் தற்பெருமையாகவே பிறந்தவை; அவற்றை உயர்த்துவது பழமைப் பற்றன்றோ என வினவலாம். வினா நியாயமானதே. எழுத்துகளின் சிறப்பு அவற்றின் பொருளில் இல்லை. அவற்றோடு சேர்ந்து ஒலிக்கும் ஊர்ப்பெயரில் உள்ளது. ஒவ்வொரு மணித்தியாலமும் அழைப்பெழுத்துகளையும், அவற்றையடுத்து உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் கூறவேண்டும் என்பது அந்நாட்டு விதி. வாணிபப் பெயர் எங்கும் செல்லும். விதி கோரும் பெயரோ ஊரைவிட்டு அகலாது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. 1972 இல் நாட்டின் பெயர் மாறியபோது நமது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரும் மாறிற்று. தமிழிலோ முன்னும் பின்னும் 'இலங்கை' என்பதே வழக்கு. பாக்கு நீரிணைக்கு அப்பால் வாழ்ந்த நேயர்களும் அதனை 'இலங்கை வானொலி' என்றே அழைத்தனர். அலங்காரம் ஏதுமற்ற அப்பெயரில் இடம் இருந்தது, அதுவே போதியதாயிருந்தது.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு முதல் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கு 100 வாற்றுக்கு மேற்படாத சிறு நிலையங்களை நடத்த உரிமம் வழங்கப்படுகின்றது. அவற்றின் ஒலி சில மைல்களே செல்லும். அத்தகைய நிலையத்துக்குப் பெயர் தேடுவோர், சொல் கவர்ச்சியானதா என்பதற்கு முன், அதனை வேறோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலுமா என வினவுதல் வேண்டும். இயலுமெனின் அது அவ்வூரின் பெயர் அன்று. நல்ல பெயர் நேயரை அழைப்பதோடு அமையாது. நேயர் அழைக்கும்போது மறுமொழி கூறவேண்டிய இடத்தையும் சுட்டிநிற்கும்.