சிவப்புக் காலணி கேட்கும் பலி

கலை மனிதரை உயர்த்துகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கலையின் பெயரால் ஓர் உயிர் தேய்ந்துபோகும்போது, பொறுப்பு யாருடையது என்று கேட்க மட்டும் தயங்குகிறோம். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் என்னும் இருவர் இணைந்து உருவாக்கிய 'தி ரெட் ஷூஸ்' என்ற திரைப்படம் இக்கேள்வியை எழுப்புகிறது. இசைக்கும் கலை இயக்கத்திற்கும் ஆஸ்கார் விருதுகள் பெற்ற இப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். முதன்முறை கண்ணைக் கவர்ந்த வண்ணங்கள் இம்முறை நெஞ்சை உறுத்தின. அதன் காரணத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

படத்திற்கு வேராக அமைந்தது, டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சன் 1845இல் வெளியிட்ட சிறுகதை. காரென் என்ற ஏழைச் சிறுமி சிவப்புக் காலணிமீது ஆசைகொள்கிறாள். உறுதிப்பூசுதல் நாளிலும் அதையே அணிந்து ஆலயத்திற்குச் செல்கிறாள். செபத்தில் நிற்க வேண்டிய மனம் காலணியில் நிற்கிறது. பின்னர் அக்காலணிகள் அவளை ஓயாது ஆட்டுவிக்கின்றன. இறுதியில், காலணியோடு பாதங்களையும் வெட்டிவிடுமாறு கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனிடமே அவள் கெஞ்சுகிறாள். மனம் வருந்தி ஆலயத்திற்குத் திரும்பினாலும், வெட்டுண்ட பாதங்கள் வாசலில் ஆடி அவளை வழிமறிக்கின்றன.

ஆன்டர்சன் காலணி தைக்கும் தொழிலாளியின் மகன். தம் உறுதிப்பூசுதலன்று புதுக் காலணி எழுப்பிய ஓசையில் மகிழ்ந்ததையும், அதற்காகப் பின்னர் மனம் வருந்தியதையும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு சிறுவனின் சின்னஞ்சிறு குற்ற உணர்வு, கதையில் ஒரு சிறுமியின் கால்களை வெட்டும் கோடரியாக வளர்ந்துவிட்டது. அழகானதொன்றை விரும்பிய ஏழைக் குழந்தைக்கு இத்தனை கொடிய தண்டனையா என்ற கேள்வி, கதையை வாசிக்கும் எவருக்கும் எழாமல் இராது.

திரைப்படம் குற்றத்தை இடம் மாற்றுகிறது. இங்கே காலணியை விரும்பியவள்மீது அன்று, அதை நீட்டியவர்கள்மீதே நம் பார்வை திருப்பப்படுகிறது. விக்டோரியா பேஜ் என்னும் இளம்பெண் பாலே நடனத்திற்கே வாழ்வை ஒப்புக்கொடுத்தவள். மொய்ரா ஷியரர் ஏற்று நடித்த வேடம் அது. புகழ்பெற்ற நடனக் குழுவின் தலைவர் லெர்மன்டோவ் அவளை நாயகியாக உயர்த்துகிறார். ஆனால் அவருடைய சட்டம் கடுமையானது. மனித அன்பை நாடுகிறவள் மாபெரும் கலைஞராக முடியாது என்பது அது. திருமணம் செய்யவிருந்த முந்தைய நாயகியைத் தயக்கமின்றி விலக்கியவர் அவர். விக்டோரியா இசையமைப்பாளன் ஜூலியனைக் காதலிக்கும்போதும் அதே சட்டம் பாய்கிறது.

இது வெறும் கற்பனையன்று. ருஷ்ய பாலே குழுவை நடத்திய தியாகிலெவ், தம் நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியை 1913இல் திருமணத்தின் பொருட்டு விலக்கினார். 1921இல் மாசீனும் காதலின் காரணமாக விலக்கப்பட்டார். இப்படத்தில் அந்த மாயக் காலணியைச் செய்து தரும் தொழிலாளியாக ஆடுபவர் அதே மாசீன்தான்.

இப்படத்தைக் கலைக்கும் காதலுக்கும் இடையிலான போராட்டமாகவே பலரும் விளக்குவர். அவ்விளக்கம் முழுமையானதன்று என்பது என் கருத்து. இறுதிக் காட்சியைக் கவனியுங்கள். விக்டோரியா மீண்டும் ஆடவிருக்கும் இரவு. தன் இசை நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தையே விட்டுவிட்டு லண்டனிலிருந்து மான்டி கார்லோவுக்கு ஓடி வந்திருக்கிறான் ஜூலியன். ஒப்பனை அறையில் கணவன் ஒரு பக்கம், குழுத் தலைவர் மறுபக்கம். இருவரும் கேட்பது ஒன்றே: எனக்காக மற்றதைத் துற. காதலனும் கலையின் காவலனும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அவளால் இரண்டையும் தாங்க இயலுமா என்று ஒருவரும் வினவவில்லை. கணவன் வெளியேறுகிறான். மேடையை நோக்கி நடப்பவள் திடீரெனத் திரும்பி ஓடி, மாடத்திலிருந்து கீழே ஓடும் இரயில் முன் விழுகிறாள்.

நுட்பமான ஒரு முரண் இங்குண்டு. நடனக் கதைப்படி தொடக்கத்தில் நாயகி சிவப்புக் காலணி அணிந்திருப்பதில்லை, இடையில்தான் அணிகிறாள். ஆனால் விக்டோரியா ஒப்பனை அறையிலேயே அதை அணிந்திருக்கிறாள். தர்க்கத்தின்படி இது பிழை. உண்மையின்படி பிழையன்று. மேடை ஏறுமுன்பே பிறர் விருப்பம் அவள் கால்களில் பூட்டப்பட்டுவிட்டது அல்லவா!

குருவாகிய எனக்கு லெர்மன்டோவின் சொற்கள் அயலானவையாகத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றிற்காக மற்றொன்றைத் துறத்தல், முழுமையான அர்ப்பணம், பின்னோக்கிப் பாராமை: இவை குருமடத்தில் நாங்கள் கேட்டு வளர்ந்த சொற்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே? குருப்பட்டம் பெறுமுன், தன் விருப்பத்தோடும் விடுதலையோடும் அதை ஏற்பதாக ஒவ்வொருவரும் தம் கைப்படவே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். எவரையும் கட்டாயப்படுத்துதல் ஆகாது என்றும் அது விலக்குகிறது. திருமணத்திற்கும் விடுதலையான இசைவே அடிப்படை. தன்னைத் தானே அளிப்பது தியாகம். பிறர் நம்மைப் பிடித்து அளிப்பது பலி. இவ்வேறுபாட்டை மறந்தால் துறவறமும் இல்லறமும்கூடச் சிவப்புக் காலணிகளாகிவிடும். நற்செய்தியில் ஏரோதின் முன் ஆடிய சிறுமியும், என்ன கேட்பது என்று தாயிடம்தான் ஓடினாள். ஆடியவை அவள் கால்கள். ஆட்டுவித்தது மற்றொருத்தியின் பகை.

பாலே உலகில் இந்த வற்புறுத்தல் நாயகியோடு நிற்பதில்லை. குழுவாக ஆடும் பெண்கள் ஒரே உயரத்தில் கையுயர்த்தி, ஒரே கோணத்தில் தலைசாய்த்து, ஒரே உடல்போலத் தோன்ற வேண்டும். அந்த ஒருமையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயின் அசைவில் தொடங்கிய ஒருமை எலும்பிலும் தோலிலும் தேடப்படும்போது கொடுமையாகிறது. வியன்னா அரசு ஆப்பெராவின் பாலே பயிலகத்தில், உடல் மெலிவுக்காகப் புகைபிடிக்குமாறு மாணவர்கள் தூண்டப்பட்டதை 2019இல் விசாரணைக் குழுவொன்று வெளிப்படுத்தியது. இளஞ்சிவப்புக் காலணி வெள்ளைத் தோலுக்கு இசைந்த நிறம். கறுப்பினப் பெண்கள் நெடுங்காலம் தங்கள் காலணிகளுக்குத் தாங்களே நிறமூட்டி ஆடினார்கள். இங்கிலாந்தில் 'பாலே பிளாக்' குழுவோடு இணைந்து ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான்.

படத்தின்மீது எனக்கொரு குறையும் உண்டு. ஏறத்தாழ பதினேழு நிமிடம் நீளும் அதன் நடுநடனம் அத்துணை அழகு. அதைக் காணும்போது, அவள் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாமும் விரும்பிவிடுகிறோம். லெர்மன்டோவைக் கண்டிக்க வந்த படம் நம்மை லெர்மன்டோவ்களாக்குகிறது. தவிர, இப்பாத்திரத்திற்கு மரணம் ஒன்றே வழி என்று படம் முடிவுசெய்துவிட்டது. வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. விக்டோரியாவாக நடித்த மொய்ரா ஷியரர் 1950இல் மணம் புரிந்தார். நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். எண்பது வயது வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

ஆயினும் இரு காட்சிகள் இப்படத்தைப் பெரும் படைப்பாக்குகின்றன. விக்டோரியா விழுந்தபின் லெர்மன்டோவ் திரையின்முன் வந்து, அவளால் இன்று மட்டுமன்று, இனி என்றுமே ஆட இயலாது என்று நடுங்கும் குரலில் அறிவிக்கிறார். ஆனாலும் நிகழ்ச்சி நிற்கவில்லை. அவள் ஆடியிருக்க வேண்டிய இடங்களில் ஒளிவட்டம் மட்டும் நகர்கிறது. உள்ளே ஆள் இல்லை. பெண்ணைவிட நிகழ்ச்சி பெரிதென்று கருதிய உலகின் முழு உருவம் அந்த வெற்று ஒளி.

மற்றொன்று, நடனத்தின் முடிவு. ஆடிக் களைத்தவள் ஆலய வாசலில் வந்து விழுகிறாள். அங்கே நிற்கும் குரு அவளைக் கடிந்துரைக்கவில்லை, காரணம் கேட்கவில்லை. குனிந்து, நாடாவை அவிழ்த்து, காலணியைக் கழற்றுகிறார். மேடைக்கு வெளியே, சாகும் தறுவாயில் விக்டோரியாவும் ஜூலியனிடம் அதைத்தான் வேண்டுகிறாள். அவனும் கழற்றுகிறான். காலம் கடந்துவிட்டது.

ஆன்டர்சன் கோடரியால் செய்ததை இப்படம் இரு கைகளால் செய்கிறது. நம் பொறுப்பில் உள்ள பிள்ளைகளின் கால்களில் நாம் எதைப் பூட்டியிருக்கிறோம் என்று பார்க்கக் குனிய வேண்டும். அவர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே குனிய வேண்டும்.