நாலாம் வசனத்தோடு நின்றுவிடும் பிரசங்கம்

மும்பை தாராவியின் தமிழ்ச் சபைகளில் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்துக்கு எப்போதும் மவுசு உண்டு. பலத்த காற்று, அக்கினி நாவுகள், அந்நிய பாஷை, ஒரே நாளில் சேர்ந்த 3,000 பேர். ‘ஆதிச் சபையின் மாதிரி நாங்கள்தான்’ என்பார்கள் போதகர்கள். 44, 45ஆம் வசனங்களைக் கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். சொத்தை விற்று இல்லாதவருக்குக் கொடுத்தது அந்தக் காலத்துச் சம்பவம், நமக்குக் கட்டளை இல்லையாம்.

இந்தச் சபைகளின் நன்மையை நான் மறுக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவை ஒரு முகவரி தந்தன. குடியை விட்டவர்கள் உண்டு. சயான் ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று ஜெபிக்கச் சபையார்தான் வருகிறார்கள்.

ஆனால் அந்நிய பாஷையும் அதே அதிகாரத்தில் நடந்த சம்பவம்தானே? அது இன்றைக்கும் உண்டு, பகிர்வு மட்டும் அன்றோடு சரி என்று பிரிக்க எந்த வசனம் இடம் கொடுக்கிறது? பகிர்ந்ததால்தான் எருசலேம் சபை ஏழையாகி, பவுல் அதற்காகக் காணிக்கை சேர்க்க நேர்ந்தது என்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த ஏழ்மைக்குப் பஞ்சம் இருந்ததே: ரோமப் பேரரசர் கிலவுதியு காலத்துப் பஞ்சத்தைப் பதினோராம் அதிகாரமே சொல்கிறது. அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் சக்திக்குத் தக்கபடி யூதேயாவுக்கு உதவி அனுப்பியதையும் சொல்கிறது. நடபடிகள் முழுக்கத் தேடினாலும் தசமபாகம் என்ற பேச்சே கிடையாது. அதை மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவின் சாவைக் காட்டிக் காணிக்கைக்குப் பயமுறுத்துகிறவர்கள், நிலமும் பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு அவனைக் கேட்டதை விட்டுவிடுகிறார்கள்.

இதே மகாராஷ்டிரத்தில், புனேக்கு அருகே கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் 1905இல் எழுப்புதல் வந்தது. அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதலுக்கு ஓராண்டு முந்தியது அது. பஞ்சத்தில் திக்கற்றுப்போன பெண்களுக்கும் விதவைகளுக்கும் சோறு போட்டுத் தொழில் கற்றுக்கொடுத்த வளாகம் அந்த மிஷன். அங்கே அபிஷேகமும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

இன்று தாராவியில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று உள்ளவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. வெளிச்சுவரில் செங்குத்தாகச் சாத்திய இரும்பு ஏணியில் கயிற்றைப் பிடித்து ஏறும் மேல்மாடிக்காரருக்குத் தாராவிக்கு வெளியே வீடு, அதுவும் இலவசமில்லை. ஞாயிறன்று இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து அல்லேலூயா சொல்கிறார்கள். கீழ்வீட்டு விசுவாசிக்கு மேல்வீட்டு விசுவாசியிடம் என்ன கடமை என்று ஒரு போதகரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அதைப் பேசாத சபைக்கு ஆதிச் சபை என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள உரிமை இல்லை.

போதகர்களே, வருகிற பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அதிகாரத்தை 47ஆம் வசனம்வரை வாசியுங்கள். வாசித்து முடித்த கையோடு, சபையில் மேல்மாடியில் இருப்பவர்கள் யார் யார், யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று எழுதி எடுங்கள். அந்த மாதத்துக் காணிக்கையை அவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.