வீட்டோடு மாப்பிள்ளையும் பால்மரக் காடும்
மலேசியத் தமிழ் நாவலில் ஆண்மை, காதல், சிரிப்பு

நெகிரி செம்பிலான் தமிழர்களுக்கு இரண்டு வகை மருமகன்களைத் தெரியும். முதலாமவர் கம்பத்து மலாய் வீட்டு மருமகன். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் வழியாக வந்த ‘அடாட் பெர்பாத்தே’ வழக்கப்படி, பரம்பரை நிலமும் வீடும் பெண்வழியில் இறங்கும். கல்யாணமானதும் மாப்பிள்ளை மனைவி வீட்டுக்குக் குடிபோவார். ‘ஓராங் செமெண்டா’ என்று அவருக்கு முறையான பெயரே உண்டு, யாரும் நகைப்பதில்லை. அதே காரியத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு தமிழர் செய்தால் அவர் ‘வீட்டோட மாப்பிள்ளை’. கள்ளுக்கடை பெஞ்சில் அவர் தலை உருளாத நாள் இருக்காது.

ஒரே மாநிலம், ஒரே மழை. ஒருவருக்கு முறையாக இருப்பது அடுத்தவருக்கு மானக்கேடு. காதலும் நகைச்சுவையும் கலந்து, ஆண்மை என்ற விறைப்பைத் தளர்த்திப் பார்க்கும் நாவலுக்கு இதைவிடத் தோதான களம் வேண்டுமா? கெமாஸ், தம்பின், பகாவ் வட்டாரத் தோட்டங்கள் இப்படி எத்தனையோ கதைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. ஆனால் நூறாண்டு கடந்த மலேசியத் தமிழ் நாவலின் பெருவழியில் அழுத ஆண்களும் செத்த ஆண்களும் நிறைய. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்ட ஆண் அரிது.

மாட்சியில் தொடங்கியது

இங்கே நாவல் பிறந்ததே காதலில்தான். முதல் நாவல் என்று இலக்கிய வரலாற்றாளர்கள் குறிக்கும் வெங்கடரத்தினத்தின் நூல் 1917இல் வந்தது. பெயர் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. அப்படி மாட்சியில் தொடங்கிய காதல், பின்னால் வந்தவர்கள் கையில் சோதனையாகவும் தியாகமாகவும் கனத்துப்போனது.

மலாயா மண்ணில் ஆண்மையை உரசிப் பார்த்த முதல் பெரிய படைப்பு, இந்தோனேசியாவில் வாழ்ந்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய ப. சிங்காரத்தினுடையது. ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலானது. நாயகன் செல்லையா பினாங்கு வட்டிக்கடைப் பையன். நேதாஜியின் படையில் சேர்ந்து அதிகாரியாகத் திரும்பி வருகிறான். முதலாளி வானாயீனாவின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். வீரனுக்குப் பெண் கிடைப்பதுதானே கதை வழக்கம்? இங்கே அந்த வீரமே குறுக்கே நிற்கிறது. துப்பாக்கி தூக்கிய கை பேரேட்டுக்கு அடங்காது என்பது முதலாளியின் கணக்கு. பெட்டியடியில் பணிந்து உட்காரத் தெரிந்த நாகலிங்கத்துக்கு மரகதத்தைக் கொடுக்கிறார். ஓர் ஆணுக்கு எது மதிப்பு என்பதில் பட்டாளம் ஒரு விலை சொல்கிறது, வட்டிக்கடை வேறு விலை சொல்கிறது. இந்தப் பேரத்துக்குள் ஒரு முழு நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. சிங்காரத்துக்கு அங்கதம் கைவந்த கலை. ஆனாலும் இந்த நாவலில் அவர் துயரத்தின் பக்கமே சாய்ந்தார்.

தண்டவாளத்தோடு போன ஆண்கள்

கெமாஸைத் தமிழ் நாவலோடு சேர்த்துப் பேச இன்னொரு காரணம் ரயில். மேற்குக்கரைப் பாதையிலிருந்து தும்பாட் நோக்கிக் கிழக்குக்கரைப் பாதை பிரிவது இங்கேதான். 1931இல் முழுமை பெற்ற அந்தப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களை, யுத்த காலத்தில் ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். இரும்பு போன வழியிலேயே தோட்டத்து ஆண்களும் கட்டாய வேலைக்குப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, திரும்பாதவர்கள் பல்லாயிரம்.

அந்தக் காயம் ஒரு நாவல் வரிசையையே பெற்றெடுத்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ மூன்றும் எழுதப்பட்டே ஆகவேண்டியவை. ஆனால் இவற்றின் நிழல் நீளமானது. தாங்குபவனே ஆண், பலியாகிறவனே நாயகன் என்ற வார்ப்பு இங்கே உறுதிப்பட்டது. ஆண்கள் போன பிறகு லயத்துப் பெண்கள் தனியே குடும்பத்தைக் கட்டிக்காத்த கதையோ இன்னும் ஓரத்தில்தான் கிடக்கிறது.

லயத்து ஆண்

தோட்ட நாவல்களில் வரும் ஆணுக்கு இரண்டு முகம்: துரையிடமும் கங்காணியிடமும் கூனிய முகம், வீட்டுக்குள் நுழைந்ததும் மீசை முறுக்கும் முகம். இடையில் கள்ளுக்கடை. அகிலன் இங்கு வந்து பார்த்துவிட்டு 1970களில் எழுதிய ‘பால்மரக்காட்டினிலே’ வெளியிலிருந்து ஒரு பார்வை. 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ உள்ளிருந்து பார்த்தது. தோட்டத்துப் பேச்சை அதன் வாடையோடு கொண்டுவந்தது.

அடுத்த தலைமுறையில் ம. நவீன் ஆண்மையை நேரடியாகவே விசாரணைக் கூண்டில் ஏற்றினார். 2019இல் வந்த ‘பேய்ச்சி’யை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. அடுத்து வந்த ‘சிகண்டி’ கோலாலம்பூரின் சௌகிட்டில் திருநங்கையர் வாழ்வுக்குள் இறங்கி, ஓர் இளைஞனின் ஆண்மை பற்றிய பயத்தையே கதையாக்கியது. திரையில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன், குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பனைப் பார்த்து ஆண்மையைக் கற்பதைக் காட்டியது. கேள்வி கேட்கத் துணிந்துவிட்டார்கள். ஆனால் கேட்ட இடமெல்லாம் இருட்டு, இரத்தம்.

சிரிப்பு இருந்த இடம்

தமிழுக்குச் சிரிப்பு புதிதல்ல. 1960களில் ‘குமுதம்’ வழியே வந்த அப்புசாமியை நினைத்துப் பாருங்கள். மனைவி சீதாப்பாட்டி ஆங்கிலம் பேசி, கழகம் நடத்தி, வீட்டை ஆள்கிறாள். கிழவர் திட்டம் போட்டுப் போட்டுத் தோற்கிறார். தோற்றவரைத்தான் வாசகர் நேசித்தார்கள். எழுதிய ஜ. ரா. சுந்தரேசன் தாயின் பெயரை முன்னும் தந்தையின் பெயரைப் பின்னும் வைத்துப் ‘பாக்கியம் ராமசாமி’ ஆனார் என்பதும் பொருத்தம்தான். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) மாமனார் காசில் நிமிரப் பார்க்கும் படித்த இளைஞனின் மானப் பிரச்சினையை எழுதியது. கடல் கடந்தால் ஜேன் ஆஸ்டின் இருக்கிறார்: 1813இலேயே ஒரு பணக்கார ஆணின் கர்வத்தைக் கரைத்துவிட்டுத்தான் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். காதல் நகைச்சுவையின் அடிப்படை விதி அதுதான். கதாநாயகன் முதலில் தன் பிம்பத்தை இழக்கவேண்டும். பெண் அதற்குப் பிறகுதான்.

நிறுவைத் தராசு

தோட்ட வாழ்வே அந்த பிம்பத்தைத் தினமும் உடைத்துக்கொண்டுதான் இருந்தது. விடியுமுன் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரை. அவள் சோறாக்கி, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருப்பாள். அவன் எழுந்து வந்திருப்பான். மரத்தில் இருவருக்கும் ஒரே கத்தி, ஒரே மங்கு, தோளில் ஒரே காண்டா வாளி. வேலை ஒன்றுதான் என்றாலும், 1920களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசுதான் மீசையின் விலை. ஆனால் பால் நிறுக்கும் இடத்தில் மீசைக்கு எடை கிடையாது. தோட்டத்துக் கணக்கரான கிராணி ஊரறியக் கணக்கைச் சொல்லும்போது அவள் வாளி கூடுதலாக நின்றால், அன்று சாயங்காலம் அவன் கள்ளுக்கடைக்குப் போவானா, வேறு வழியாய்ச் சுற்றிப் போவானா? ஒரு நாவலின் முதல் அத்தியாயத்துக்கு இது போதும்.

வீட்டோடு மாப்பிள்ளைக் கேலியையும் அந்தத் தராசிலேயே வைத்துப் பார்க்கலாம். லயத்து வீடு யாருடையது? மாமனாருடையதும் இல்லை, மாப்பிள்ளையுடையதும் இல்லை. தோட்டத்தின் சொத்து, வேலை போனால் வீடும் போகும். மலாய்க் கம்பத்தில் மருமகன் போய்ச் சேரும் வீட்டுக்காவது மாமியார் வழியில் ஓர் உரிமை உண்டு. நம்மவர்களோ கம்பெனிக்குச் சொந்தமான கூரையின் கீழ் நின்று, யார் வீட்டில் யார் குடியிருப்பது என்று மானம் பேசினார்கள். இதைவிடப் பெரிய நகைச்சுவை வேறென்ன? லயங்கள் காலியாகி, கித்தா மரம் செம்பனைக்கு வழிவிட்டு, பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டுக்குத் தவணை கட்டும் இன்றும் அந்தக் கேலி மட்டும் குடிபெயராமல் இருக்கிறது.

இங்கே நடக்கும் நாவல் போட்டிகளுக்கு வரலாற்றுத் துயரத்தைச் சுமந்துகொண்டு வருபவர்களை நாம் வரவேற்றோம், சரிதான். அந்தக் கடன் முழுக்கத் தீர்ந்துவிடவும் இல்லை. ஆனால் செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள், பிழைத்துக் கிடந்து, மனைவியிடம் தோற்று, அந்தத் தோல்வியில் மனிதனானவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த போட்டிக்கு ஒரு வீட்டோடு மாப்பிள்ளையை அனுப்பிவையுங்கள். கெமாஸ் ஸ்டேஷனில் தகரப்பெட்டியோடு அவன் இறங்கட்டும். முதல் அத்தியாயத்தில் நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். கடைசி அத்தியாயத்தில் அவனோடு சேர்ந்து சிரிக்க வைப்பது உங்கள் பொறுப்பு.