தொள்ளாயிரம் பார் ஒரு புள்ளியா?

பழைய முத்துக்குளிப்பு ஆவணங்களிலிருந்து பார்களின் இடத்தை எடுத்து, இணைய வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் குத்தி வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். தொள்ளாயிரம் பார், வைப்பாறு பெரிய பார் என்று பெயர் இருக்கும். பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். ஆறாவது இலக்கம் என்றால் தரையில் சுமார் 11 சென்டிமீட்டர். பார் என்பதோ கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத்தளம். அதற்கு அரைச் சாண் துல்லியம் எங்கிருந்து வந்தது?

ஆவணக்காரர்கள் கையில் இருந்தது வேறு. படகில் நின்று திசைகாட்டியில் பார்த்த கோணம், கரையில் தெரிந்த கோபுரமோ கலங்கரை விளக்கமோ தீவின் முனையோ, ஈயக்குண்டு இறக்கி அளந்த ஆழம் இத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி). ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் பகுதி முத்துக்குளிப்பு பற்றி 1922ல் அறிக்கை வெளியிட்டாரே, அந்தக் காலத்திலும் கரைக்கு அருகே இடம் குறிக்க இதுதான் வழி.

இதே மாதிரிக் கணக்கை எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் தினமும் போடுகிறார்கள். ரொம்ப தூரம் போக வேண்டாம், மன்னார் வளைகுடாவில் இலங்கைப் பக்கம் 1981ல் ஓர் ஆய்வுக் கிணறு தோண்டினார்கள். அதன் பெயர் பேர்ல்-1, முத்தேதான். கிணறு நூல் பிடித்தாற்போல் கீழே இறங்காது, சாயும், திரும்பும். அதனால் அங்கங்கே மூன்று எண்களை அளப்பார்கள்: துளை வழியே இறங்கிய நீளம், செங்குத்திலிருந்து சாய்வு, வடக்கிலிருந்து திசைகோணம். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே துளை ஒரு வட்ட வில்லாகப் போகிறது என்று வைத்துக்கொண்டு, வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போனால் போதும். கிணற்று வாய் இருக்கும் இடத்தோடு சேர்த்தால் வரைபடத்தில் வந்துவிடும். நிரலாக எழுதினால் இருபது வரிகூட வராது.

நான் அவர்களிடம் மெச்சுவது நிரலை இல்லை, அட்டவணையின் தலைப்பை. எந்த வடக்கு, காந்த விலக்கம் எந்தத் தேதிக்கு, எந்த டேட்டம், எந்தக் கட்டம் எல்லாம் அதில் இருக்கும். மூல அளவுகளைத் தூக்கிப் போட மாட்டார்கள். உல்ஃப், டி வார்ட் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு (அதுவும் 1981தான்) கிணற்றின் இடத்தைச் சுற்றி ஒரு பிழை நீள்வட்டமும் போடுகிறார்கள். நம் சிவப்புப் புள்ளிகளில் இதில் ஒன்றுகூட இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கரையிலிருந்து 10 கடல் மைல் தள்ளிப் படகு நிற்கிறது. திசைகாட்டியில் ஒரு டிகிரி தவறினால் 323 மீட்டர். காற்புள்ளி வரைக்கும்தான் திசை பார்த்தார்கள் என்றால் அதுவே 2.8 டிகிரி, 900 மீட்டர். இரண்டு அடையாளங்களும் கரையோரம் 5 மைல் இடைவெளியில் இருந்தால் பார்வைக் கோடுகள் குறுகலாக வெட்டிக்கொள்ளும். ஒரு டிகிரிப் பிழைக்கே நீள்வட்டம் குறுக்கே கால் கிலோமீட்டர், கடல் பக்கமாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் விரியும். அதைச் சுருக்கக் கைகொடுப்பது ஈயக்குண்டு ஆழம்தான். புள்ளி போடுகிறவர்கள் முதலில் விடுவதும் அதைத்தான்!

கட்டத்துக்கு வருவோம். தூத்துக்குடி யுடிஎம் 44ஆம் மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது (கன்னியாகுமரி 43க்குப் போய்விடும்). இங்கே கட்ட வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம். பழைய எவரெஸ்ட் டேட்டத்திலிருந்து ஜிபிஎஸ்ஸின் டேட்டத்துக்கு மாற்றினால் நூறு மீட்டருக்கு மேல் நகரும். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் பிழை ஒன்று உண்டு. பழைய சர்வே தாள்கள் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80° 17′ 21″ என்று வைத்தவை. பிறகு அது 80° 14′ 54″ என்று திருத்தப்பட்டது. நம் அட்சரேகையில் இது நாலரை கிலோமீட்டர். தாளின் ஓரத்தில் அந்தக் குறிப்பு அச்சாகியே இருக்கும், படிக்கத்தான் ஆளில்லை.

சரி, வரைபடத்தில் கொஞ்சம் தள்ளிப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பிறகு இங்கே பெரிய அளவில் எதுவும் நடக்கவில்லை. பார்கள் என்ன ஆயின என்பது நிஜமான கேள்வி. யாரோ ஒருவர் அந்த ஆறு இலக்கப் புள்ளியில் முங்கிப் பார்க்கிறார், வெறும் மணல். உடனே 'பார் மூடிப் போச்சு' என்று எழுதிவிடலாம். உண்மையில் பார் 800 மீட்டர் கிழக்கே இருக்கலாம். மூடியே போயிருக்கவும் செய்யலாம். இரண்டில் எது என்று அந்தப் புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது.

மறுபடி அளக்கலாம் என்றால் அடையாளங்களும் நிற்கவில்லை. வான் தீவு தேய்ந்து சுருங்கிவிட்டது, விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. அக்கரையில் அரிப்பில், முத்துப் படுகைகளுக்குத் திசை பார்க்க உதவிய டோரிக் மாளிகை துண்டு துண்டாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. பனிமய மாதா கோவில் கோபுரம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பழைய ஆவணத்தில் அந்தக் கோபுரத்தைப் பார்த்து எடுத்த கோணம் எங்கேயாவது கிடைத்தால், தயவுசெய்து கோணமாகவே பதிவு பண்ணுங்கள், தேதியோடு, பாகக் கணக்கோடு. நீள்வட்டத்தை நான் போட்டுக்கொள்கிறேன்.