அணையில் கைவைத்தவர்கள்

தாராசுரத்து வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதை மேட்டூர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே திறந்துவிடும் தண்ணீர் முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என ஒருமுறை பிரிகிறது, கல்லணையில் மறுமுறை பிரிகிறது, அதற்குப் பிறகுதான் காவிரியின் கிளையான அரசலாற்றுக்கு வருகிறது. இந்த இரண்டு தலைப்புகளிலும் சுமார் 200 ஆண்டுகளாகப் பொறியாளர்கள் கைவைத்து வந்திருக்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பை, கெடுத்துவிடாமல் மாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு இதைவிட நீண்ட சோதனைக்களம் நம் பக்கத்தில் வேறு இல்லை.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுவோம். டொயோட்டாவில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பேர்போன பொறியாளர் டட்சுஹிகோ யோஷிமுரா. புதிதாக வரையும் பொருளைவிட, ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் பொருளில் செய்யும் சின்ன மாற்றமே அதிகம் சறுக்கும் என்பது அவருடைய அணுகுமுறையின் அடிப்படை. புதியதை எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்; பழையதில் செய்த திருத்தத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலும் கீழுமாக இருந்த இரண்டு நடைபாதைகளையும் நீளமான ஒரே கம்பிகள் தாங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். கட்டுவதற்கு வசதி என்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கி, கீழ்நடைபாதையை மேல்நடைபாதையிலேயே தொங்கவிட்டார்கள். மேலே இருந்த இணைப்பின் மீது சுமை இரட்டிப்பானது. அதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே மாற்றம் செய்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீ மாற்றியதால் நீ தொடாத எது மாறியது? தவறினால் அடிபடுவது யார், அவருக்கு என்ன ஏற்பாடு? மாற்றிய பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தாயா?

முதல் ஆள் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர். 1804இல் காவிரியை ஆராய வந்தார். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, ஆற்று மணலில் பெருங்கற்களை இட்டு, களிமண் சேர்த்து எழுப்பிய வளைந்த சுவர். நீளம் சுமார் 1,080 அடி. காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் மறிப்பதும், மிஞ்சிய வெள்ளத்தைத் தன் தலைமேல் வழியவிடுவதும் அதன் வேலை. தண்ணீர் வீணாகிறது என்று கண்ட கால்டுவெல், அதைச் சுமார் இரண்டேகால் அடி உயர்த்தினார். தண்ணீர் கூடுதலாக நின்றது. ஆனால் காவிரி தண்ணீரை மட்டும் கொண்டுவரும் ஆறு அல்ல. சுவரை உயர்த்தினால் மணலும் நிற்கும். அதைக் கழுவித் தள்ள அப்போது அணையில் மதகு கிடையாது. மணல் மேடிட்டால் தண்ணீர் மறுபடி கொள்ளிடத்தையே நாடும். கொள்ளிடமோ நேரானது, சரிவு கூடியது, படுகை தாழ்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த குறையைத் தீர்த்து, தெரியாத குறையை வளர்த்த மாற்றம் இது. முதல் கேள்வியிலேயே தோல்வி. கல்லணையில் மணல்போக்கிகள் தேவை என்று அடுத்து வந்தவர்கள் சொன்னதும், 1830ஐ ஒட்டி அவை வைக்கப்பட்டதும் இந்தத் தீர்ப்பை உறுதிசெய்கின்றன.

இரண்டாவது ஆள் ஆர்தர் காட்டன். நோய் கல்லணையில் இல்லை, அதற்கு மேலே ஆறு பிரியும் இடத்தில் இருக்கிறது என்று அவர் பிடித்தார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். கொள்ளிடத்தின் மட்டத்தை உயர்த்தினால் காவிரிக்குள் தண்ணீர் தானாகத் திரும்பும். மணல் போக வழியும் வைத்தார். அதோடு நிற்கவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் குறைந்தால் அதை நம்பியிருக்கும் தென்னார்க்காட்டு வயல்கள் காயும். அதற்காக அதே காலத்தில், கும்பகோணத்துக்கு வடகிழக்கே அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். வீராணம் ஏரிக்கு இன்றும் அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. தன் மாற்றத்தால் அடிபடப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே பார்த்து, அவருக்கும் ஓர் அணை கட்டியதுதான் காட்டனின் பெரிய சாதனை என்று நான் மதிப்பிடுகிறேன். மேலணையின் பெருமையைவிட இது பெரியது.

அவர் கணக்கும் முழுக்கச் சரியாக இல்லை. மேலணை எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது, அதுவே வினையானது. காவிரி தேவைக்கு மேல் தண்ணீர் இழுத்தது, அதன் வாயில் படுகை அரித்து ஆழமாகத் தொடங்கியது. முன்பு கொள்ளிடம் காவிரியை விழுங்கிவிடும் என்று பயந்தார்கள். இப்போது பயம் திசை மாறியது. விட்டிருந்தால் வெள்ளக் காலத்தில் தஞ்சைக் கரைகள் தாங்கியிருக்காது. பத்தாண்டுக்குள் காவிரியின் வாயிலும் படுகை மட்டத்தில் ஒரு தடுப்பணை கட்டி ஆற்றைச் சமன்செய்தார்கள். காலனி அரசு இதை உழவர் மீது இரக்கப்பட்டுச் செய்யவில்லை. தஞ்சை நெல்லின் நிலவரி அதற்கு முக்கியம். நோக்கம் எதுவாயினும், திரும்பிப் போய்ப் பார்த்தார்கள், திருத்தினார்கள். மூன்றாவது கேள்விக்கு அது பதில்.

மூன்றாவது ஆள் நாம்தான். 2018 ஆகஸ்ட் 22 இரவு, மேலணையின் கொள்ளிடப் பக்கத்துக் கதவணையில் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் மீதிருந்த பழைய பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. 1928இல் திறந்த பாலம் அது, போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கட்டுமானம் பழசாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. மணல் அள்ளியதுதான் காரணம் என்றன விவசாயச் சங்கங்கள். இந்த வழக்கில் ஒரு பக்கம் மட்டும் சரி என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. வயது உண்மை, ஆனால் வயது திடீரென்று வருவதில்லை. ஆண்டுதோறும் அடித்தளத்தைப் பார்த்திருந்தால் அது முன்கூட்டியே தெரியும் செய்தி. மணல் அள்ளுவதும் சாதாரணச் சங்கதி அல்ல. மணலில் நிற்கும் கட்டுமானத்துக்கு ஆற்றின் படுகையே அஸ்திவாரம். படுகையை இறக்குவது, வரைபடமும் கையெழுத்தும் இல்லாமல் அந்த அமைப்பின் வடிவத்தையே மாற்றுவது. 1934இல் எழுந்த மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலைப் பெரும்பாலும் தேக்கிக்கொள்கிறது. அள்ளிய இடம் மறுபடி நிரம்ப வழி குறைவு.

பொருளைத் தொடாமலே அதை மாற்றிவிட முடியும் என்பதற்குச் சான்று தாராசுரத்திலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் முன்வாசலில், நந்தியும் பலிபீடமும் இன்றைய தரைக்குக் கீழே கிடக்கின்றன. கட்டியவன் பள்ளத்தில் கட்டவில்லை, சுற்றுப்புறம் உயர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கிறது. ஸ்தபதியின் கணக்கில் பிழை இல்லை, கல்லிலும் குறை இல்லை. ஆனாலும் வடிவமைப்பு தோற்கிறது, ஏனென்றால் அது நம்பியிருந்த தரை மட்டம் மாறிவிட்டது. இங்கே தரை ஏறியது, கொள்ளிடத்தில் படுகை இறங்கியது, விளைவு ஒன்றுதான்.

கல்லணைக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் வேலையையும் இதே தராசில் வைக்கலாம். கசிவு குறையும், கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்பது அதிகாரிகள் வாதம், நியாயமானது. தரையிலும் பூசினால் நிலத்தடி நீர் ஊறாது, ஆழ்குழாய்க் கிணறு வறண்டுவிடும் என்பது உழவர் வாதம், அதுவும் நியாயமானது. கசிவு என்று ஒருவர் கணக்கெழுதும் தண்ணீர்தான் இன்னொருவரின் கிணற்றுத் தண்ணீர். கீழணை கட்டியவர் கேட்ட இரண்டாவது கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும்.

ஆகத் தீர்ப்பு இது. கால்டுவெல் தோற்றார், ஒன்றைப் பார்த்தார், பக்கத்தில் உள்ளதைப் பார்க்கவில்லை. காட்டன் தேறினார், பிழை இல்லாததால் அல்ல, பிழை தெரிந்தவுடன் திருத்தும் ஏற்பாடு இருந்ததால். நாம் தேறவில்லை, மாற்றுகிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் மாற்றிக்கொண்டிருக்கிறோம். முக்கொம்பில் இப்போது புதிய கதவணை நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் அதற்கு மேலும் கீழும் படுகை மட்டத்தை அளந்து, அந்த எண்ணை மதகுக்கு அருகிலேயே எல்லோரும் பார்க்கும்படி நீர்வளத் துறை எழுதி வைக்கட்டும். அந்த எண் இறங்கத் தொடங்கினால், கேள்வி கேட்க வேண்டியது பொறியாளர் மட்டுமல்ல. அரசலாற்றுத் தண்ணீரில் நாற்று விடும் ஒவ்வொருவரும்தான்.