ஹன்னா என்றொரு பெயர்

சில சொற்கள் எழுதியவரையே காட்டிக் கொடுத்துவிடும். ஜெர்மன் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகம் 2018-இல் ஒரு சிறு விளக்கப்படம் வெளியிட்டது. 2007-ஆம் ஆண்டுச் சட்டமொன்றை விளக்க எழுந்த படம் அது. முனைவர் பட்டத்திற்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு (மருத்துவமாயின் ஒன்பது) என ஆய்வாளரைத் தவணை ஒப்பந்தத்தில் அமர்த்த அச்சட்டம் பல்கலைக்கழகங்களுக்கு இடந்தந்தது. அதற்குள் நிலையான பதவி கிட்டாதவர் பெரும்பாலும் வெளியேற வேண்டியதுதான்.

படத்தில் ஹன்னா என்னும் கற்பனைப் பெண் வருகிறார், உயிரியல் ஆய்வாளர். தவணை எதற்கு? ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துவிடக் கூடாதாம்! வடிகுழாயில் கசடு அடைப்பதற்கு ஜெர்மானியர் வழங்கும் வினை அது. வேறோர் உடல் உபாதைக்கும் அதே சொல் வழங்குவதை விரித்தெழுத நாம் கூசுகிறோம். பன்னிரண்டாண்டு பாடம் சொல்லிக் கண் பூத்தவர் கசடாகிவிட்டார். முதர்ரிஸின் ஊதியம் இன்னதென்று வக்ஃபு சாசனத்திலேயே எழுதிவைத்த மரபில் ஓதியவர்களாகிய நமக்கு இது ஜீரணமாகவில்லை.

2021 ஜூனில் அம்ராய் பார், கிறிஸ்டின் ஐக்ஹார்ன், செபாஸ்டியான் கூபோன் என்ற மூவர் ட்விட்டரில் மறுமொழி தொடங்கினர். 'நான் ஹன்னா' என்று ஆயிரக்கணக்கானோர் தம் ஒப்பந்தங்களின் கணக்கை எழுதினர். அமைச்சகம் படத்தை எடுத்துவிட்டது. அம்மாதமே பாராளுமன்றமும் விவாதித்தது. மூவரும் 2022-இல் அதே பெயரில் நூல் வெளியிட்டனர். 2020-இல் இவர்களே லூத்தரை நினைவூட்டி 95 வாசகங்கள் திரட்டியிருந்தனர். அவை அறிஞர் வட்டத்தைக் கலக்கின; நாட்டைக் கலக்கவில்லை. ஆட்சியாளர் புனைந்த பாத்திரத்தையே பறித்துத் தம் வாயால் பேசவைத்த பின்னரே காரியம் நடந்தது.

ஆயினும் ஹன்னா எல்லாரையும் தாங்கவில்லை. தஃப்ஸீர் ஆசிரியர்கள் மர்யம் அன்னையின் தாயாருக்குச் சொல்லும் பெயர் அது, நமக்கு அந்நியமன்று. ஜெர்மனியிலோ அது உள்ளூர்ப் பெண்ணின் பெயர். எனவே குடியேறியோரின் பிள்ளைகள் 'நான் ரைஹான்' எனத் தனிக்குரல் எழுப்பினர். இதனைப் பிளவு என்பாருடன் நாம் உடன்படோம். வாயிற்படியிலேயே தடுக்கப்பட்டவர் தவணை முடிந்தவரின் கதைக்குள் அடங்குவாரா?

சட்டமோ இலேசில் அசையவில்லை. 2024 மார்ச்சில் அமைச்சரவை ஏற்ற திருத்த வரைவு, பட்டத்திற்குப் பிந்திய ஆறாண்டை நான்காக்கி, நிரந்தரப் பணிக்கு உறுதியளித்தால் மட்டும் மேலும் இரண்டு என்றது. இடங்களைப் பெருக்காமல் தவணையைச் சுருக்கினால் வெளியேற்றம் முந்தி வருமே என்று ஆய்வாளர்கள் கேட்டனர், அக்கேள்வி நியாயமானதே. அவ்வாண்டு நவம்பரில் ஆளுங்கூட்டணி கலைந்தது. வரைவும் நிறைவேறாமலே போயிற்று.