இளகிய பிடியின் வல்லமை

வில்கின்சன் வினையூக்கியின் மேன்மை அதன் இளகிய பிடியில் இருக்கிறது. 1960களின் நடுவில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப்ரி வில்கின்சன் குழுவினர் வகுத்த செய்முறை சுருக்கமானது: நீரேறிய ரோடியம் ட்ரைகுளோரைடை, தேவைக்கு மிஞ்சிய ட்ரைபீனைல்பாஸ்பீனுடன் எத்தனாலில் கொதிக்கவைத்தால் கருஞ்சிவப்புப் படிகங்கள் படிகின்றன. அந்த மிகையில் சிக்கனமான ஒரு நேர்த்தி உண்டு. பாஸ்பீனில் ஒரு பகுதி ரோடியத்தை +3 நிலையிலிருந்து +1 நிலைக்கு ஒடுக்கிவிட்டுத் தான் ஆக்சைடாகிறது. மற்றொரு பகுதி ஈனியாகி உலோகத்தைச் சுற்றி மூன்று மூலைகளில் அமர்கிறது. நான்காம் மூலை குளோரைடுக்கு. பருத்த பாஸ்பீன்கள் மூன்றும் நெருக்கியடித்து நிற்பதால் சதுரத் தளமே சற்றுக் கோணிப்போகிறது.

அந்த நெருக்கடியே வினைக்கு வழிவிடுகிறது. கரைசலில் ஒரு பாஸ்பீன் விலகியதும் எஞ்சும் அணைவு, முழு அணைவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் ஹைட்ரஜனை ஏற்கிறது என்று ஜாக் ஹால்பர்ன் காட்டினார். பிறகு ஆல்கீன் வந்து இணைய, இரு ஹைட்ரஜன்களும் அதன் ஒரே பக்கத்தில் ஏறுகின்றன. விளைபொருள் வெளியேற, உலோகம் அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. இதற்கு அறை வெப்பநிலையும் ஒரு வளிமண்டல அழுத்தமும் போதும். எஞ்சிய இரு பாஸ்பீன்களின் பருமன் ஆல்கீன்களையும் தரம்பிரிக்கிறது. கார்வோனில் பக்கக்கிளையின் இரட்டைப் பிணைப்பு மட்டும் நிறைவுற, வளையத்திலுள்ளதும் கார்பனைல் தொகுதியும் அப்படியே நிற்கின்றன.

கரியில் ஏற்றிய பல்லேடியம் போதாதா, வடிகட்டினால் மீண்டும் கிடைக்குமே, விலையுயர்ந்த ரோடியத்தைக் கரைசலில் கரைப்பானேன் என்று கேட்கலாம். எல்லா இரட்டைப் பிணைப்புகளையும் நிறைவுறச் செய்வதே நோக்கமென்றால் பல்லேடியமே சரி. ஆனால் அது பிணைப்புகளை இடம்மாற்றிவிடவும் கூடும். ஒன்றைத் தொட்டு இன்னொன்றை விட்டுவைக்க ரோடியம் அணைவே உகந்தது. ஆல்டிஹைடிலிருந்து கார்பன் மோனாக்சைடைப் பறித்து இந்த அணைவு முடங்கிப்போவதும் உண்மைதான். அந்தக் குறையும் என் வாதத்துக்கே சான்று: அங்கே பிடி இறுகிவிட்டதால் சுழற்சி நின்றுபோகிறது. கரைந்திருப்பதன் பெரும்பயனோ ஈனியை மாற்ற முடிவதில் இருக்கிறது. 1968இல் மான்சான்டோவின் வில்லியம் நோல்ஸ், ட்ரைபீனைல்பாஸ்பீனின் இடத்தில் இட-வலத் தன்மை கொண்ட பாஸ்பீனை வைத்தார். அந்தப் பாதை பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபாவின் ஆலை உற்பத்திக்கும் 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கும் சென்றது. எதை எவ்வளவு நேரம் பிடித்திருப்பது என்ற அளவை ஈனியின் வடிவத்திலேயே எழுதிவைக்கலாம் என்று காட்டியதால், இந்தச் சிவப்புப் படிகத்தை வேதியியலின் தலைசிறந்த வடிவமைப்புகளில் ஒன்றென்பேன்.